அவர் பேரில் போன ரத்தம்

மயூர் விஹார், டில்லி
12 ஜனவரி 2008

அன்புள்ள சாவித்திரி அக்காவுக்கு விசாலம் நமஸ்காரம்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மன்னார்குடியில் மழை விட்டதா? இங்கே குளிர் மட்டும்தான் சௌக்கியமாக இருக்கிறது, நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக் கிடக்கிறோம். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் என் மருமகள் இருக்கிறாள், நான் சொல்லப்போவது அவளைப் பற்றி. அதனால்தான் கடிதம்.

ஜ்யோத்ஸ்னா நொய்டாவில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள் என்று தெரியுமே. என்ன வேலை என்று போன மாதம்தான் எனக்கே விளங்கிற்று. ஒரு லேப், ரத்தப் பரிசோதனை முடிவுகளை இன்டர்நெட்டில் போடுகிறதாம். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லையாம். வெறும் எண்ணும் இங்கிலீஷ் சுருக்கெழுத்துமாக இருந்தால் யாருக்குப் புரியும்? இவள் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு கலர்ப் பட்டை போடுகிறாள். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் டாக்டரைப் பார். கீழே சாதாரண பாஷையில் இரண்டு வரி. இதற்கு அவளுக்கு வருகிற சம்பளம் இவர் கிருஷி பவன் ஆபீசில் ரிட்டயரானபோது வாங்கியதைவிட அதிகம்.

சந்தோஷம்தான். ஊருக்கெல்லாம் எழுதட்டும். என் வீட்டில் எதற்கு?

இவருக்குச் சர்க்கரை வியாதி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ரத்தம் கொடுப்பதும் அந்த லேபில்தான். ஒரு நாளாவது ரிப்போர்ட் கவரைப் பிரித்திருப்பாரா? வாங்கிவந்து அப்படியே என் கையில் கொடுப்பார். நான் சமையலறையில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். நான் சொல்வதுதான் ரிப்போர்ட். போன வாரம் கவர் வந்தது, கையை நீட்டினேன். "இருக்கட்டும், ஜ்யோத்ஸ்னா வந்துடட்டும். அவ கம்ப்யூட்டர்ல காமிப்பா, கலர்ல வரும்" என்கிறார். சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு அவள் படிக்க, இவர் "அச்சா, அச்சா" என்று தலையாட்ட, நான் தாளிக்கிற கரண்டியோடு வாசற்படியில் நின்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வயிறு எரிகிறது அக்கா. மருமகள்மேல் பொறாமையா என்று சிரிக்காதே. ஆமாம், பொறாமைதான். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
விசாலம்


மன்னார்குடி
28 ஜனவரி 2008

விசாலத்துக்கு என் ஆசீர்வாதம்.

முழங்கால் என்னோடு சண்டை போட்டுக்கொண்டேதான் மாடி ஏறுகிறது. மழை விட்டுவிட்டது, கொசு விடவில்லை. மாப்பிள்ளையும் உன் பிள்ளை அஷ்வத்தும் சௌக்கியம்தானே?

நன்றாகச் சிரித்தேன். சிரிக்காதே என்று எழுதினால் எப்படிச் சிரிக்காமல் இருப்பது? அந்தப் பெண் உன் புருஷனுக்குச் சர்க்கரையைப் படித்துக் காட்டினாளே தவிர, உன் புருஷனையா தூக்கிக்கொண்டு போய்விட்டாள்?

ஆனால் உன் எரிச்சலுக்கு வேறு காரணமும் இருக்கிறது. நீ கவரைப் பிரித்துப் பார்த்து உள்ளதை உள்ளபடியா சொல்வாய்? நான் உங்கள் வீட்டில் இரண்டு மாதம் தங்கினேனே, கண்ணால் பார்த்தவள். இருநூற்றிருபது இருந்தால் நூற்றெழுபது என்று சொல்வாய். மறுநாளிலிருந்து உருளைக்கிழங்கு மாயமாகிவிடும், சாதம் ஒரு கரண்டி குறையும். கேட்டதற்கு, "பயந்தா இவருக்கு இன்னும் ஏறும் அக்கா, அதான் குறைச்சுச் சொல்றேன்" என்றாய். அவள் காட்டுகிற இடத்தில் பழைய ரிப்போர்ட்டுகளும் வருமா? வருமென்றால் நீ இப்போதே ஒரு பதில் தயார் பண்ணி வைத்துக்கொள்.

குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே.

சாவித்திரி


மயூர் விஹார்
10 பிப்ரவரி 2008

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நீ எண்ணெய் தடவிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்து இதைப் படி. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

உன் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. நாலு வருஷத்து ரிப்போர்ட்டும் அங்கே இருக்கிறது. கோடு போட்டு, மலை மாதிரி ஏறி இறங்கிக் காட்டுகிறது. இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "விசாலம், போன தீபாவளிக்கு நூத்தி அறுபதுன்னே. இதுல இருநூத்திப் பதினஞ்சுன்னு போட்டிருக்கே" என்றார். கம்ப்யூட்டரில் தப்பாக ஏறியிருக்கும் என்றேன். அந்தப் பெண், "இல்லம்மா, லேப்லேர்ந்து நேரா வர்றது" என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை, அவள் சுபாவம் அப்படி. இருந்தாலும் அந்த நிமிஷம் அவள் வாயில் துணியை அடைக்கலாம் போலிருந்தது.

இவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் பார்த்தால் சமையலறை அலமாரியில் மாத்திரை டப்பாவைக் காணோம், ஜ்யோத்ஸ்னா மேஜைமேல் இருக்கிறது. "உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். இப்போது காலையில் ஆபீஸ் கிளம்புமுன் அவள் எடுத்துக் கொடுக்க, இவர் சமர்த்தாக வாயைத் திறக்கிறார். இருபது வருஷமாக இவர் நாக்கைக் கட்டிப்போட்டு, கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து இலையிலிருந்து லட்டை எடுத்தவள் நான். பேர் யாருக்கு?

இந்த மாதக் கடைசியில் வருஷாந்திர டெஸ்ட் இருக்கிறது. லேபிலிருந்தே வீட்டுக்கு வந்து எடுப்பார்கள். அது பச்சையாக வர வேண்டும், வந்தே தீரும். "நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று அவள் வாயாலேயே படிக்க வைக்கிறேனா இல்லையா பார். என் சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான் காரணம் என்று தெரிந்தால் டப்பா தானாகச் சமையலறைக்கு வரும்.

கோபத்தில் உன் உடம்பைப் பற்றி விசாரிக்கவே மறந்துவிட்டேன். சௌக்கியமாக இரு.

விசாலம்


மயூர் விஹார்
3 மார்ச் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம்தானே. இங்கே இவருக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது.

டெஸ்டுக்கு முந்தின நாள் கரோல் பாகில் இவர் சிநேகிதர் பாலசுப்ரமணியம் பெண்ணின் கல்யாண வரவேற்பு. நான் புடவை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் மூன்று ஜாங்கிரி முழுங்கியிருக்கிறார். ரிப்போர்ட் சிவப்பு. சாதாரணச் சிவப்பு இல்லை, மூன்று மாதச் சராசரியும் சேர்த்துச் சிவப்பு. ஜ்யோத்ஸ்னா படிக்கும்போது அவள் குரலே மாறிவிட்டது. டாக்டர் சேஷன் மாத்திரையை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பச்சை அல்லவா வந்திருக்க வேண்டும்? எப்படி இவ்வளவு?

டப்பா அவளிடம் இருக்கிறது. மாத்திரையை நான் தொட முடியவில்லை. இவர் காப்பியில் மட்டும் யாருக்கும் தெரியாமல் சர்க்கரை போட்டுக் கொடுக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

விசாலம்


மன்னார்குடி
14 மார்ச் 2008

விசாலத்துக்கு ஆசீர்வாதம்.

என் முழங்காலைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவள் நான். எந்த இடத்தில் பிள்ளை மழுப்புகிறது என்று எனக்குத் தெரியும்.

மூன்று ஜாங்கிரி சாப்பிட்ட மனுஷனுக்குப் பச்சை வரும் என்று நீ எதை வைத்து நம்பினாய்? சிவப்பு வந்தது என்றால் "நான்தான் சொன்னேனே, ஜாங்கிரி" என்று நீ குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. சர்க்கரை ஏறிய புருஷனுக்குக் காப்பியில் சர்க்கரை போடுகிறேன் என்கிறாய். லட்டைப் பிடுங்கின கை அதைச் செய்கிறது என்றால் அவருக்கு அவ்வளவு சர்க்கரை இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும்?

என்ன செய்தாய் விசாலம்? அந்த இரட்டை மாத்திரை வேண்டாத உடம்பில் போனால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? உடனே பதில் எழுது.

சாவித்திரி


(கார்டு)
மயூர் விஹார்
25 மார்ச் 2008

அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் ஆரம்பித்துவிட்டது, தாகம்தான் தாங்கவில்லை. நீ கேட்டதற்கு அப்புறம் விவரமாக எழுதுகிறேன். விசாலம்.


மயூர் விஹார்
9 ஏப்ரல் 2008

மதிப்பிற்குரிய பெரியம்மாவுக்கு ஜ்யோத்ஸ்னா வணக்கம்.

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரைதான் படித்தேன், அதற்குப் பிறகு தமிழில் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு நீங்கள் மட்டும்தான் எழுதுகிறீர்கள், அதனால் உங்களிடம் வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கீழே காய் விற்கிற சப்ஜி வண்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டார். நாங்கள் போவதற்குள் அம்மா சர்க்கரைத் தண்ணீர் டம்ளரோடு மாடியிலிருந்து ஓடிவந்து அவர் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே அப்பா வெளியே போனால் அம்மா பால்கனியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். மீட்டர் வாங்கி வந்து பார்த்தோம். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டார். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், பயப்படாதீர்கள்.

அன்றைக்கு உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டை முழுக்கப் பார்த்தேன். அப்பாவின் சிவப்பணுக்கள் பிறவியிலிருந்தே அளவில் சின்னவை. அவருடைய எல்லா ரிப்போர்ட்டிலும் அது அப்படியே இருக்கும், மருந்தால் மாறாது. இந்த ரிப்போர்ட்டில் அது சாதாரண அளவில் இருக்கிறது. நான் சர்க்கரைச் சிவப்பை மட்டும் பார்த்து அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். என் வேலையே அதுதான், எனக்கே தப்பிவிட்டது. ரத்தம் எடுத்தவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "ஆன்ட்டிதான் கையை நீட்டினாங்க. எல்லா கார்டும் அங்கிள் பேர்லதான் இருக்கு, அவர் பேர்லயே எழுதிக்கோ பையான்னு சொன்னாங்க" என்றார்.

லேபில் குழாய் மாறிவிட்டது என்று அப்பாவும் அஷ்வத்தும் நம்புகிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னால் பழைய ரிப்போர்ட்டைக் காட்டிக்கொடுத்தது போல இதையும் காட்டிக்கொடுத்தேன் என்று ஆகும். ஆனால் பெரியம்மா, அவ்வளவு சர்க்கரை அம்மாவின் உடம்பில் இருக்கிறது. அம்மா பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறார், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அவருக்கு வைத்தியம் தொடங்க வேண்டும். அவரே என்னிடம் சொன்னால் நன்றாக இருக்கும். எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ரிப்போர்ட் என்றால் என்னைக் கூப்பிடுகிற அப்பா, விழும்போது "விசாலம்" என்றுதான் கூப்பிட்டார். அதைக் கேட்டு எனக்கு ஒரு நிமிஷம் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தங்கள் அன்புள்ள
ஜ்யோத்ஸ்னா


மன்னார்குடி
17 ஏப்ரல் 2008

விசாலத்துக்கு,

ஆசீர்வாதம் பண்ணத்தான் பேனாவை எடுத்தேன், திட்டத்தான் வருகிறது.

ஒரு கார்டைப் போட்டுவிட்டுக் காணாமல் போனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தாயா? யாரும் எனக்கு எழுதவில்லை, நானாகத்தான் யோசித்தேன். பச்சை வரும் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தாய் என்றால் அந்த ரத்தம் அவருடையது இல்லை. உன் வீட்டில் கையை நீட்ட வேறு யார் இருக்கிறார்கள்? தாகம் தாங்கவில்லை என்று நீயே கார்டில் எழுதியிருக்கிறாய்.

நம் அம்மா கால் விரலில் புண் வந்து, அது ஆறாமலே போய்ச் சேர்ந்தாள். சர்க்கரை என்று கடைசி மாதத்தில்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நீதான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மறந்துவிட்டதா?

உன் பொறாமையை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் உன்மேல் பொறாமை உண்டு, உனக்குச் சண்டை போட ஒரு வீடு நிறைய மனுஷர்கள் இருக்கிறார்கள். ஆனால் மருமகளிடம் தோற்கக் கூடாது என்பதற்காகக் காலை இழக்காதே. மாப்பிள்ளையிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் ஜ்யோத்ஸ்னாவிடம் சொல். அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள்தான், உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் இந்த முழங்காலோடு ரயிலேறுவேன். நான் வந்து இறங்கினால் உன் மானம் மயூர் விஹார் முழுக்கப் பறக்கும்.

சாவித்திரி


மயூர் விஹார்
4 மே 2008

அன்புள்ள அக்காவுக்கு விசாலம் நமஸ்காரம்.

ரயிலேற வேண்டாம். சொல்லிவிட்டேன். வெயில் நூற்றுப்பத்தைத் தொடுகிறது, நீ அங்கேயே இரு. முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கினாயா?

நடந்தது இதுதான். வரவேற்பிலேயே ஜாங்கிரி உள்ளே போய்விட்டது. காலையில் இவர் பால் வாங்கப் போன இடத்தில் யாரோடோ டீயும் குடித்துவிட்டு வந்துவிட்டார் என்றால் கேட்கவே வேண்டாம், சிவப்பு நிச்சயம். லேப் ஆள் வந்தபோது இவர் வீட்டில் இல்லை. அன்றைக்கு ஏகாதசி, எனக்குப் பட்டினி. என் ரத்தம் அலம்பிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும், பச்சையாக வரும், டப்பா என் கைக்குத் திரும்பும் என்று கணக்குப் போட்டேன். கையை நீட்டினேன். கேஸ், டெலிபோன், டிஸ்பென்சரி கார்டு எல்லாம் அவர் பேரில் இருக்கிற வீட்டில் ரத்தமும் அவர் பேரில் போனால் என்ன என்று இருந்துவிட்டேன். இவர் வந்ததும், ஆள் வரவில்லை, நாளைக்கு வருவார் என்று சொன்னேன். மறுநாள், நீங்கள் தூங்கும்போதே ஆள் வந்து எடுத்துவிட்டுப் போனார் என்று சொல்ல முடியுமா? "டிஸ்பென்சரில ஊசி போட்டப்பவே ரத்தமும் எடுத்து லேபுக்கு அனுப்பிட்டாளாம், இனிமே ஆள் வர மாட்டார்" என்று உளறினேன். டிஸ்பென்சரியில் அந்த வாரம் இவருக்கு ஊசி போட்டிருந்தார்கள், அதனால் நம்பிவிட்டார். நான் சொன்னால் நம்புகிற வழக்கம் அவரை விட்டு முழுக்கப் போகவில்லை பார், அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருக்கிறது.

இரட்டை மாத்திரையால் இவர் ஒரு நாள் சப்ஜி வண்டி அருகில் மயங்கி விழுந்தார், அதை உனக்கு எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. அந்த நிமிஷம் எனக்கு டப்பாவும் வேண்டாம், பேரும் வேண்டாம், இவர் கண்ணைத் திறந்தால் போதும் என்றிருந்தது. பிறகு மாத்திரையைக் குறைத்தார்கள். தப்பித்தோம், இனிமேல் சொல்ல வேண்டாம் என்று கோழை மாதிரி இருந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஜ்யோத்ஸ்னா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்த ரத்தம் என்னுது" என்றேன். "தெரியும்மா" என்றாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். விசாலாக்ஷி, அறுபத்தொன்று, பெண் என்று எனக்கே தனியாகப் போட்டு, அந்த ரிப்போர்ட்டை அதில் மாற்றி வைத்திருக்கிறாள். அங்கே ஹிந்தியும் இங்கிலீஷும்தான் வரும். என்னுடையதில் மட்டும் தமிழில் எழுதியிருந்தாள். "உங்கள் சர்க்கரை மிகவும் அதிகமாக இருக்கிறது. மருந்தாலும் சாப்பாட்டாலும் குறைக்க முடியும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், யாரையாவது அழைத்துப் போங்கள்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாளாகத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அந்தப் பொறுமை எனக்கு ஏன் வரவில்லை என்று அதற்கும் பொறாமை. "யாரையாவதுன்னு எழுதியிருக்கியே, யாரைன்னு எழுதலையே" என்றேன். "அது நீங்கதாம்மா சொல்லணும்" என்றாள். ஒரு துணியை எடுத்து மடித்துவிட்டு, "சரி, லீவு போடு" என்றேன். இரண்டு பேருமாகப் போய் வந்தோம். எனக்கும் மாத்திரை, எனக்கும் உருளைக்கிழங்கு கிடையாது.

இப்போது அந்த லேபின் பக்கத்தில் எல்லோருக்கும் மேலேயே பெரிய எழுத்தில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்று வருகிறது. கீழே "இது உங்கள் ரத்தம்தானா, சரிபாருங்கள்" என்று ஒரு வரி. அவள் சொல்லிச் சேர்த்திருக்கிறாள். என் முட்டாள்தனம் டில்லி முழுக்க ஒளிபரப்பாகிறது.

இவரிடமும் சொன்னேன். டிவியை அணைத்தார். பிறகு "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். ஜ்யோத்ஸ்னா பக்கத்தில் இருந்தாள், என்னைத் திருத்தவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன், இருநூற்று அறுபத்திரண்டு. கிழித்துப் போட்டுவிடு.

உன்
விசாலம்


மயூர் விஹார், டில்லி
2 ஜூன் 2008

மதிப்பிற்குரிய சாவித்திரி அக்கா அவர்களுக்கு, ராஜகோபால் நமஸ்காரம்.

இவ்விடம் நானும் மற்றவர்களும் தங்கள் ஆசியில் நலம். தங்கள் நலமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். நான் தங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியது என் கல்யாணத்துக்கு முன்பு என்று நினைவு. ஒரு விஷயத்தில் தங்கள் உதவி தேவைப்படுவதால் எழுதுகிறேன்.

தங்கள் தங்கைக்குச் சர்க்கரை என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். என் பேரில் ரத்தம் கொடுத்த விஷயத்தில் எனக்குக் கோபம் இல்லை. மாத்திரை டப்பாவை நான் எடுத்துக் கொடுத்தது சரியில்லை என்று அவளிடமே சொல்லிவிட்டேன். அவள் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது இரண்டு டப்பாவும் ஜ்யோத்ஸ்னாவின் மேஜைமேல்தான் இருக்கின்றன.

பிரச்சினை வேறு. அவளுக்கு மறுபடியும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் வந்த அன்று மாமியாரும் மருமகளும் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் வாசலில் போய் நின்றேன். "நீங்க நியூஸ் பாருங்கோ, நாங்க வரோம்" என்றாள் தங்கள் தங்கை. பாஸ்வேர்டு அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அஷ்வத்துக்குக்கூடத் தெரியாது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், இரண்டு வருஷம் முன்பு வந்த பெண்ணிடம் காட்டுவதை என்னிடம் காட்ட மாட்டேன் என்கிறாள். எனக்கு இது பிடிக்கவில்லை. ராத்திரி சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

வெளியே வந்து "நூத்தி ஐம்பதுதான்" என்றாள். போன தடவையும் நூற்று ஐம்பதுதான் என்றாள். ஜ்யோத்ஸ்னாவைத் தனியாகக் கேட்டேன். "அம்மா ரிப்போர்ட்டை அம்மாகிட்டதான் கேக்கணும்பா" என்கிறாள். அது அவர்கள் கம்பெனி விதியாம்.

தங்களுக்காவது சரியான எண்ணைச் சொல்லியிருக்கிறாளா? சொல்லியிருந்தால் தயவுசெய்து எழுதவும், நான் பயப்பட மாட்டேன். சொல்லவில்லையென்றால் அதையும் எழுதவும். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இப்படிக்கு
ராஜகோபால்